கணிப்பொறிக்குள் ஒரு விலாசக் குறிப்பு

அச்சிட்ட டெலிபோன் டைரக்டரி வீட்டில் இருந்த காலத்திலும், அடிக்கடி தேவைப்படும் நாலைந்து எண்களை நாட்காட்டியின் ஓரத்திலோ சுவரிலோ பென்சிலால் குறித்து வைப்பது பலருடைய வழக்கமாக இருந்தது. அவசரத்திற்கு அந்தக் குறிப்பைத்தான் பார்ப்பார்கள். பெரிய புத்தகத்தைப் புரட்ட மாட்டார்கள். குறிப்பு சரியாக இருந்தவரையில் அதனால் சௌகரியமே. ஆனால் டாக்டர் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டாலும், விஷமக்காரன் ஒருவன் ஓர் எண்ணை அழித்துவிட்டு வேறோர் எண்ணை எழுதிவிட்டாலும், டைரக்டரி எவ்வளவு திருத்தமாக இருந்தும் பயனில்லாமற் போகும். இன்று உபயோகத்திலுள்ள கணிப்பொறிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இத்தகைய சுவர்க் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு ஹோஸ்ட்ஸ் கோப்பு என்று பெயர்.

அதன் அளவு மிகச் சிறிது. பெரும்பாலான கணிப்பொறிகளில் அது ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. ஆண்டுக்கணக்கில் கணிப்பொறியோடு பழகியவர்களிலும் அதைத் திறந்து பார்த்தவர்கள் சிலரே. ஆயினும், வங்கிக் கணக்கைப் பார்க்கவோ, ரயில் பயணத்திற்கு இடம் பதிவு செய்யவோ, பரீட்சை முடிவை அறியவோ ஒருவர் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது, வெளியுலகை விசாரிப்பதற்கு முன்னரே கணிப்பொறி இக்கோப்பில் அப்பெயர் இருக்கிறதா என்று சோதிக்கிறது. இருந்தால், அதில் கண்டதை மறு கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆகவே இக்கோப்பு யாது, எங்கே இருக்கிறது, அதில் எவை இருக்கலாம், எவை இருக்கலாகாது என்பன கணிப்பொறி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல.

எண்ணும் பெயரும்

இணையத்தில் சேர்ந்துள்ள கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. நெடுங்காலமாக வழங்கிவரும் முறைப்படி, விலாசம் என்பது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வாறு அமையக்கூடிய விலாசங்கள் மொத்தம் 4,294,967,296, அதாவது ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கள் தொகைக்கே இது போதாது என்பதனால், இதைவிட நான்கு மடங்கு நீளமுள்ள புதிய விலாச முறையும் இதனோடு சேர்ந்து நடைமுறையில் இருக்கிறது. புதிய முறையில் விலாசங்கள் எண்களும் எழுத்துக்களும் கலந்து, இடையிடையே முக்காற்புள்ளியுடன் எழுதப்படுகின்றன.

மனிதருடைய நினைவு எண்களைவிடப் பெயர்களுக்கே எளிதில் இடம் தருகிறது. எனவே பெயரைச் சொன்னால் எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது. இத்தேவைக்கு முதன் முதலில் கிடைத்த விடைதான் ஹோஸ்ட்ஸ் கோப்பு.

பட்டியல் பிறந்த வரலாறு

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆராய்ச்சித் திட்ட நிறுவனம் 1969ஆம் ஆண்டில் ஆர்ப்பாநெட் என்னும் வலையை நிறுவியது. அவ்வாண்டின் இறுதியில் அதில் இணைந்திருந்த இடங்கள் நான்கே: லாஸ் ஏஞ்சலிஸ், சாண்டா பார்பரா ஆகிய இரு நகரங்களிலுமுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகங்கள், மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம், யூட்டா பல்கலைக் கழகம். நான்கு பெயர்களுக்குப் பட்டியல் வேண்டியதில்லை. வலை விரிந்தபோது ஒவ்வோர் இடத்தாரும் தமக்கெனத் தனித்தனியே பட்டியல் வைத்துக்கொண்டனர். ஒரே கணிப்பொறிக்கு இங்கே ஒரு பெயர், அங்கே வேறு பெயர். புதிதாகச் சேர்ந்தவற்றின் பெயர்கள் பல பட்டியல்களில் இடம்பெறாமலே இருந்தன. இந்த அலங்கோலத்திற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று 1973ஆம் ஆண்டு டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்னும் கணிப்பொறி அறிஞர் ஒரு குறிப்பைச் சுற்றுக்கு விட்டார். பட்டியல் ஒன்றே இருக்க வேண்டும், அதை ஒரே நிலையம் காத்துவர வேண்டும், மற்றவர்கள் அதிலிருந்து பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் யோசனை. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த வலைத் தகவல் நிலையம் அப்பொறுப்பை ஏற்றது.

ஹோஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் விருந்தினரை வரவேற்று உபசரிப்பவரைக் குறிக்கும். தொலைவிலிருந்து அணுகியவர்களுக்குத் தம் கணக்கிடும் திறனைப் பகிர்ந்தளித்த அக்காலத்துப் பெரிய கணிப்பொறிகளுக்கு அப்பெயர் பொருத்தமாகவே இருந்தது. இன்று வலையில் சேர்ந்த எந்தப் பொறிக்கும், அது எவருக்கும் எதையும் வழங்காவிடினும், அதே பெயர்தான்.

வலைத் தகவல் நிலையத்தை 1972 முதல் 1989 வரை நடத்திவந்தவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையார். அவர் கணிப்பொறிப் பொறியியல் பயின்றவர் அல்லர்; ரசாயன நூல்களிலிருந்து தகவல் திரட்டும் பணியிலிருந்து இத்துறைக்கு வந்தவர். நூலகப் பட்டியலைக் காப்பவருக்கு வேண்டிய ஒழுங்கும் பொறுமையுமே இப்பணிக்கும் வேண்டியிருந்தன போலும். புதிய கணிப்பொறி ஒன்றை வலையில் சேர்க்க விரும்பியவர்கள் அலுவலக நேரத்தில் இந்நிலையத்தாரோடு டெலிபோனில் பேசிப் பெயரைப் பதிவு செய்துகொள்வார்கள். நிலையத்தார் அப்பெயர் வேறு எவருக்கும் தரப்படவில்லை என்று பார்த்து, மூலப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பார்கள். வலையிலுள்ள மற்றவர்கள் அவ்வப்போது அப்பட்டியலின் பிரதியைத் தம் கணிப்பொறிக்கு வரவழைத்துக்கொள்வார்கள். உலகெங்கும் பரவவிருந்த ஒரு வலையின் பெயர்கள் அனைத்தும் ஓர் அலுவலகத்து மேசையின் வழியாகச் சென்றன என்பது இன்று நம்புதற்கு அரிது.

பட்டியலுக்கு இலக்கணமும் இருந்தது. 1985ஆம் ஆண்டில் வெளியான விதிகளின்படி ஒரு பெயரில் 24 எழுத்துக்களுக்கு மேல் இருக்கலாகாது. ஆங்கில எழுத்துக்கள், எண்கள், சிறு கோடு, புள்ளி இவை தவிர வேறு குறிகள் கூடா. பெயரின் நடுவே இடைவெளி விடலாகாது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கருதப்படும். முதலெழுத்து எண்ணாக இருக்கக் கூடாது என்ற விதி 1989இல் தளர்த்தப்பட்டது.

வலையின் வளர்ச்சியே இம்முறைக்கு வினையாயிற்று. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் 213 ஆக இருந்த கணிப்பொறிகள், 1983 ஆகஸ்டில் 562 ஆகவும், 1985 அக்டோபரில் 1,961 ஆகவும் பெருகின. கணிப்பொறிகள் இருமடங்கானால் பட்டியலும் இருமடங்கு நீளும். அதைப் பிரதி எடுப்போரும் இருமடங்காவர். ஆகவே பட்டியலை வழங்குவதற்கு மட்டுமே வலையின் மீது விழும் சுமை நான்கு மடங்காகும். இது ஒரு தொல்லை. பிரதி எடுத்து முடிப்பதற்குள் மூலம் மாறிவிடுவது மற்றொரு தொல்லை. எவரேனும் தம் கணிப்பொறிக்கு ஏற்கெனவே வழங்கும் ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் வரும் குழப்பம் மூன்றாவது. எண்களை ஒழுங்காகப் பங்கிட வழியிருந்ததே அன்றி, தத்தம் பொறிக்குத் தாமே பெயரிட்டுக்கொள்பவர்களைத் தடுக்கும் அதிகாரம் நிலையத்தாருக்கு இல்லை.

தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் தகவல் விஞ்ஞான நிலையத்தில் பணிபுரிந்த பால் மொக்காபெட்ரிஸ் இதற்குப் பரிகாரம் கண்டார். 1983ஆம் ஆண்டு நவம்பரில் அவர் வெளியிட்ட இரு ஆவணங்களில் பெயர்கள் ஒரு மரத்தின் கிளைகளைப் போலப் பகுக்கப்பட்டன. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளர்; அவர் தம் கிளையிலுள்ள சிறு கிளைகளை மட்டும் அறிந்திருந்தால் போதும். பெயரை விசாரிக்கும் கணிப்பொறி மேலிருந்து கீழாக ஒவ்வொருவரையும் கேட்டு விடையைப் பெறும். எவரும் முழுப் பட்டியலை வைத்திருக்க வேண்டியதில்லை. டி.என்.எஸ். என்று வழங்கும் இக்களப் பெயர் முறையே இன்றும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. இந்தியாவுக்குரிய 'இன்' என்னும் கிளை 1989ஆம் ஆண்டில் பதிவாயிற்று.

இவ்வளவுக்குப் பின்னும் பழைய கோப்பு மறைந்துவிடவில்லை. உலகப் பட்டியல் என்ற பதவி போயிற்று. வீட்டுக் குறிப்பேடு என்ற பதவி நிலைத்தது. வலையோடு தொடர்பு ஏற்படாத வேளையிலும் கணிப்பொறி தன்னைத்தானே பெயரிட்டு அழைக்க வேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகத்திற்குள் உள்ள நாலைந்து பொறிகளுக்குத் தனியே பெயர்ச் சேவை அமைப்பது வீண் செலவு. இத்தகைய சிறு தேவைகளுக்கு ஏற்றதாக இக்கோப்பு தங்கிவிட்டது.

கோப்பு இருக்குமிடம்

யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த கணிப்பொறிகளில் இதைத் தேடுவது எளிது. லினக்ஸில், வட்டின் மூலக் கோப்புறையிலிருந்து நேரே இறங்கினால் 'இடிசி' என்ற கோப்புறையில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கும். இடிசி என்பது 'இன்ன பிற' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம். வேறெங்கும் சேராதவற்றைப் போட்டு வைக்கும் பரணாகத் தொடங்கி, பின்னர் கணிப்பொறியின் அமைப்பு விவரங்கள் அனைத்தும் தங்கும் பெட்டகமாக அது உயர்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகளில் இடிசி என்ற பெயர் 'பிரைவேட்' என்னும் கோப்புறைக்குள் இருக்கும் உண்மையான இடிசிக்கு வழிகாட்டும் பலகையே. எவ்வழியில் சென்றாலும் ஒரே கோப்பையே அடையலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இக்கோப்பு உண்டு. ஆனால் அது அமைப்புப் பகுதிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருப்பதால் சாதாரணமாக உபயோகிப்பவரால் அதை மாற்ற இயலாது.

விண்டோஸில் பாதை சற்று நீளமானது. 'சி' என்னும் பகுதியில் விண்டோஸ் என்ற கோப்புறை, அதனுள் சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ், அதனுள் இடிசி, அதனுள் ஹோஸ்ட்ஸ். விண்டோஸ் 95, 98 ஆகிய பழைய பதிப்புகளில் இவ்வளவு ஆழம் இல்லை. விண்டோஸ் கோப்புறையிலேயே அது இருந்தது. எந்த அமைப்பானாலும் இக்கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளியோ வால் எழுத்துக்களோ கிடையா. இதை நினைவில் வைப்பது அவசியம். ஏனெனில், நோட்பேட் போன்ற எழுதும் கருவிகள் சேமிக்கும்போது தாமாகவே 'டாட் டிஎக்ஸ்டி' என்ற வாலை ஒட்டிவிடக்கூடும். விண்டோஸோ வழக்கமாக அந்த வாலைக் கண்ணுக்குக் காட்டாது. திருத்தியவர் தாம் திருத்திய கோப்பு அதே கோப்புறையில் இருப்பதைக் காண்பார். ஆனால் கணிப்பொறி அதைப் பொருட்படுத்தாது. பல மணி நேரங்களை வீணாக்கிய பிழை இது.

கோப்பைப் படிக்க எவராலும் முடியும். மாற்றுவதற்கு நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். விண்டோஸில் எழுதும் கருவியை முதலிலேயே நிர்வாகியாக இயக்கி, அதன் பின் கோப்பைத் திறக்க வேண்டும். திறக்கும்போது எல்லா வகைக் கோப்புகளையும் காட்டுமாறு கேட்காவிட்டால் இடிசி கோப்புறை வெறுமையாகத் தோன்றும். லினக்ஸிலும் மேக்கிலும் மேலாளர் அதிகாரம் தரும் 'சூடோ' என்ற கட்டளையை முன்னிட்டுத் திறப்பது வழக்கம்.

உள்ளே காண்பவை

கோப்பின் உள்ளடக்கம் வெறும் எழுத்துக்களே. '#' என்ற குறிக்குப் பின் வருவன மனிதருக்காக எழுதிய விளக்கங்கள். கணிப்பொறி அவற்றைத் தள்ளிவிடும். ஏனைய ஒவ்வொரு வரியிலும் முதலில் எண் விலாசம், பின்னர் இடைவெளி, அதன் பின் பெயர். ஒரே விலாசத்திற்குப் பல பெயர்கள் இருப்பின் அவற்றை அதே வரியில் அடுத்தடுத்து எழுதலாம். விளக்க நூல்களுக்கெனவே 192.0.2 என்று தொடங்கும் விலாசத் தொடர் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, ஓர் அலுவலகத்து அச்சுப்பொறிக்குப் பெயரிடும் வரிக்கு உதாரணம் காட்டவேண்டுமாயின் 192.0.2.10 என்று எழுதி, இடம் விட்டு, அச்சுப்பொறியின் பெயரை ஆங்கில எழுத்துக்களில் எழுதுவர். வலைத்தள விலாசங்களின் முன்னே வரும் 'எச்டிடிபி' முதலிய முன்னொட்டுக்களையோ, சாய்கோட்டையோ, குறிப்பிட்ட பக்கத்தின் பெயரையோ இங்கே எழுதலாகாது. ஒரு பெயரின் கீழுள்ள கிளைப் பெயர்கள் அனைத்தையும் ஒரே வரியில் அடக்கவும் வழியில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதத்தான் வேண்டும்.

தமிழிலேயே எழுதப்படும் 'இந்தியா' என்னும் கிளையின் கீழுள்ள பெயர்களைப் பற்றி ஐயம் எழலாம். தமிழ்ப் பெயரை இக்கோப்பில் நேரே எழுதிப் பயனில்லை. அவ்வெழுத்துக்களை ஆங்கில எழுத்துக்களாக மாற்றும் ஒரு குறியீட்டு முறை உண்டு. 'எக்ஸ்என்' என்ற இரண்டு எழுத்துக்களோடும் இரண்டு சிறு கோடுகளோடும் தொடங்கும் அவ்வடிவத்தையே எழுத வேண்டும். வெளியே தமிழ் தோன்றினாலும், பெயர்ச் சேவையின் உள்ளே பயணம் செய்வது அந்த வேஷந்தான்.

லினக்ஸிலும் மேக்கிலும் தவறாமல் காணப்படும் வரி ஒன்று உண்டு: 127.0.0.1 என்ற விலாசமும், 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரும். 127 என்று தொடங்கும் விலாசங்கள் அனைத்தும் கணிப்பொறி தனக்குத்தானே கடிதம் எழுதிக்கொள்ளும் விலாசங்கள். அவை வெளியே செல்வதில்லை. புதிய முறையில் இதற்கு ஈடானது இரண்டு முக்காற்புள்ளிகளும் ஓர் ஒன்றும். தற்கால விண்டோஸில் இப்பெயரைப் பெயர்ச் சேவைப் பகுதியே கவனித்துக்கொள்வதால், அங்கே தொழிற்சாலையிலிருந்து வரும் கோப்பில் விளக்க வரிகள் மட்டுமே இருக்கும்.

நன்மையும் தீமையும்

வலைத்தளங்களை அமைப்பவர்களுக்கு இக்கோப்பு நல்ல ஊழியன். ஒரு கல்லூரி தன் தளத்தைப் பழைய சேவைக் கணிப்பொறியிலிருந்து புதியதற்கு மாற்றுவதாகக் கொள்வோம். புதிய இடத்தில் எல்லாம் சரியாக இயங்குகின்றனவா என்று பொதுமக்கள் வருவதற்கு முன் பார்க்க வேண்டும். பொறுப்பாளர் தம் கணிப்பொறியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கல்லூரியின் பெயருக்கு எதிரே புதிய விலாசத்தை எழுதுகிறார். உலகத்தார் பழைய தளத்தைக் காண, அவர் மட்டும் புதியதைக் காண்கிறார். வேலை முடிந்ததும் அவ்வரியை நீக்க மறந்துவிட்டாரானால், சில மாதங்களுக்குப் பின் கல்லூரி மீண்டும் இடம் மாறும்போது விபரீதம் தோன்றும். எல்லோருக்கும் தளம் தெரியும். அதைக் காக்க வேண்டிய அவருக்கு மட்டும் தெரியாது! கம்பியையும் கருவியையும் குறை கூறிய பிறகே பழைய வரி நினைவுக்கு வரும்.

விளம்பரங்களையும் வேவு பார்க்கும் தளங்களையும் தடுப்பதற்கும் இக்கோப்பைப் பலர் உபயோகிக்கின்றனர். வேண்டாத தளத்தின் பெயருக்கு எதிரே 0.0.0.0 என்ற செல்லாத விலாசத்தை எழுதிவிட்டால் கணிப்பொறி அங்கே போகாது. சில பட்டியல்களில் இவ்வாறு பல்லாயிரம் வரிகள் உண்டு. ஆயினும் இதைக் கோட்டைச் சுவராகக் கருதலாகாது. பெயரைக் கேட்காமல் நேரே எண்ணைக் கொண்டு செல்லும் நிரலை இக்கோப்பு தடுக்காது.

நண்பருக்கு உதவும் இதே வசதி பகைவருக்கும் உதவும். 2004ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் பரவிய மைடூம் என்னும் புழுவின் இரண்டாம் வகை, தான் புகுந்த கணிப்பொறிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி, நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களுக்கும் மைக்ரோசாப்ட் தளங்களுக்கும் செல்லும் வழியை அடைத்தது. நோயாளி வைத்தியரிடம் செல்ல முடியாதபடி நோயே வாயிலை மூடிக்கொண்டதற்கு இது ஒப்பாகும். இதனினும் கொடியது, வங்கியின் பெயருக்கு எதிரே வஞ்சகரின் விலாசத்தை எழுதுவது. உபயோகிப்பவர் பெயரைச் சரியாகவே தட்டச்சு செய்கிறார். திரையின் மேற்பகுதியிலும் சரியான பெயரே தெரிகிறது. ஆனால் எதிரே இருப்பது வங்கி அன்று.

இந்நிலையில் அவரைக் காப்பது ஒன்றே. வங்கித் தளங்கள் தம் பெயருக்கு உரிய சான்றிதழைக் காட்டியே உரையாடலைத் தொடங்குகின்றன. வஞ்சகரிடம் அச்சான்றிதழ் இராது. எனவே உலாவி, 'இத்தொடர்பு பாதுகாப்பானது அன்று' என்று முழுத்திரை எச்சரிக்கை ஒன்றைக் காட்டும். அவ்வேளையில் அவசரத்தின் காரணமாக, 'பரவாயில்லை, மேலே செல்க' என்று அழுத்துபவர் தம் கடவுச்சொல்லைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆகிறார். போலிச் சான்றிதழையும் நம்பும்படி கணிப்பொறியை முன்கூட்டியே பழக்கிவிடும் நச்சுநிரல்களும் உண்டு. அப்போது எச்சரிக்கையும் தோன்றாது. காசு கொடுக்காமல் நிரல்களைப் பெற விரும்பி, எங்கிருந்தோ கிடைத்த 'திறவுகோல்' நிரல்களுக்கு நிர்வாகி அதிகாரத்தை அளிப்பவர்கள் இக்கோப்பையும் சேர்த்தே ஒப்படைக்கிறார்கள்.

இத்தகைய மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் திறமை விண்டோஸின் காவல் நிரலுக்கு உண்டு. 2020ஆம் ஆண்டில், மைக்ரோசாப்டுக்குத் தகவல் அனுப்பும் தளங்களைத் தாமே விரும்பித் தடுத்திருந்தவர்களின் கோப்பையும் அது ஆபத்தானது என்று அறிவிக்கத் தொடங்கியது. தம் கணிப்பொறியின் குறிப்பேட்டில் எதை எழுதுவது என்பது யாருடைய உரிமை என்ற வாதம் அப்போது எழுந்தது. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஒரு தளம் மற்றவர்களுக்குத் திறந்து தமக்கு மட்டும் திறக்கவில்லையானால், அல்லது பழகிய தளத்தில் திடீரெனச் சான்றிதழ் எச்சரிக்கை தோன்றினால், முதலில் இக்கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. '#' குறி இல்லாத ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும். சில வேளை பல நூறு வெற்று வரிகளுக்குக் கீழே தீய வரிகள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆதலால் இறுதிவரை இறங்கிப் பார்க்க வேண்டும். மாற்றத் துணிபவர் கோப்பின் பிரதி ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சந்தேகத்திற்குரிய வரியை அழிக்காமல் அதன் முன்னே '#' குறியை மட்டும் இட்டால் போதும். தவறு நேர்ந்தால் அக்குறியை எடுத்துவிடலாம். லோக்கல்ஹோஸ்ட் வரியைத் தொடலாகாது. அலுவலகக் கணிப்பொறியாயின், அவ்வரிகள் அங்குள்ள பொறுப்பாளர் எழுதியவையாக இருக்கக்கூடும் என்பதால் அவரைக் கேட்ட பின்னரே கைவைக்க வேண்டும்.

திருத்திய பின்னும் உலாவி பழைய விடையையே சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். அதை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். விண்டோஸில், கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையை 'ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்ற குறிப்போடு கொடுத்தால் சேமித்த விடைகள் அழியும். நீக்கிய வரி மறுநாள் தானாகவே மீண்டும் முளைத்திருக்குமானால், அதை எழுதும் நச்சுநிரல் இன்னும் கணிப்பொறிக்குள் இருக்கிறது என்று பொருள். அதை அப்புறப்படுத்தும் வரை வங்கிக் கணக்கை அக்கணிப்பொறியில் திறத்தல் கூடாது. ஏற்கெனவே திறந்திருந்தால் வேறொரு கணிப்பொறியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கும் தெரிவித்துவிட வேண்டும்.